மலிவான, வேகமான ஃபிரிகேட் வேண்டுமா? முதலில் தூரத்தை முடிவு செய்யுங்கள்

"ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் இலவசக் கணக்கில் ஆடுகிறேன். சேர்த்த இஸ்க் (விளையாட்டின் பணம்) எல்லாவற்றையும் போட்டு ஒரு கடற்கொள்ளையர் வகை ஃபிரிகேட் (சிறிய சண்டைக் கப்பல்) வாங்கினேன். இணையத்தில் கிடைத்த வேகமான ஃபிட்டை, அதாவது கப்பலில் பொருத்தும் கருவிகளின் பட்டியலை, அப்படியே போட்டும் இரண்டு நாளில் போய்விட்டது. கான்டார், ஏட்ரான், ஸ்லாஷர், ரிஃப்டர், இந்த நாலில் எது மலிவு, எது வேகம், என்ன ஃபிட் போடலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. தனியாகச் சுற்றும்போது மாட்டிக்கொள்ளாமல் சண்டை போடுவது எப்படி? மாட்டினாலும் கையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி? கப்பலின் பெயர் அதற்குப் பிறகுதான் வருகிறது. உடனடி பதில் வேண்டுமென்றால், லைட் மிசைல் போட்ட கான்டார். ஆனால் ஏன் அது என்று தெரியாமல் வாங்கினால், அதுவும் இரண்டு நாளில் போய்விடும்.

நான் பல வருடமாக டெக் 1 (அடிப்படை வகை; டெக் 2 மேம்பட்டது) ஃபிரிகேட்டுகளில், காவல் குறைந்த லோ-செக் பகுதியில், தனியாகவும் நாலைந்து பேர் கொண்ட சிறு குழுவாகவும் ஆடிவருகிறேன். காவலே இல்லாத நல்-செக்கில் நூற்றுக்கணக்கான பேர் மோதும் பெரிய சண்டைகளில் என்ன ஃபிட் என்பதைத் தளபதி சொல்லிவிடுவார், அங்கே தனிமனித ரசனைக்கு இடமில்லை. நான் இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது.

வேகம் என்று நாம் பொதுவாகச் சொல்வது இந்த விளையாட்டில் இரண்டு தனித்தனி எண்கள். ஒன்று, வார்ப் ஆவதற்கு, அதாவது வெகுதூரம் தாவிப் போவதற்கு, கப்பல் திரும்பி நிமிர எடுக்கும் நேரம். இன்னொன்று, நேராக ஓடும்போது எட்டும் உச்ச வேகம். ஒன்றைக் கூட்டுவது எப்போதும் மற்றதைக் கூட்டாது. முதல் எண்ணுக்குத் தெளிவான கணக்கு இருக்கிறது. கப்பல் வார்ப் ஆக, போகவேண்டிய திசையில் தன் உச்ச வேகத்தின் 75 சதவீதத்தை எட்ட வேண்டும். கப்பலின் நிறையை அதன் இனர்ஷியா எண்ணால் (திரும்புவதில் உள்ள மந்தத்தைக் காட்டுவது) பெருக்கி, அதை 1.386-ஆல் பெருக்கி, 10 லட்சத்தால் வகுத்தால் அதற்கான நேரம் விநாடியில் வரும். இதில் பலர் கவனிக்காதது, ஈவ் சர்வர் விநாடிக்கு ஒரு முறைதான் உலகத்தைக் கணக்கிடுகிறது. ஆகவே விடை 3.1 ஆனாலும் 3.9 ஆனாலும் நடைமுறையில் 4 விநாடிதான்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 11 லட்சம் கிலோ நிறை, 3.2 இனர்ஷியா உள்ள ஃபிரிகேட்டுக்கு, திறன் எதுவும் இல்லாமல் 4.88 விநாடி. ஈவேசிவ் மேனுவரிங், ஸ்பேஸ்ஷிப் கமாண்ட் என்ற திறன்கள் இரண்டும் மூன்றாம் நிலையில் இருந்தால் 3.9. இரண்டையும் ஐந்துக்குக் கொண்டுபோனால் 3.29. அத்தனை நாள் பயிற்சிக்குப் பிறகும் நாலாவது விநாடியில்தான் வார்ப் ஆவீர்கள். அந்த 3.29-இல் நானோஃபைபர் என்ற மாட்யூல் (கப்பலில் பொருத்தும் கருவி) ஒன்றைப் போட்டு இனர்ஷியாவைச் சுமார் 15 சதவீதம் குறைத்தால் 2.8, அப்போதுதான் ஒரு விநாடி உண்மையிலேயே மிச்சமாகிறது. அதே நானோஃபைபரை 3.9-இல் போட்டால் 3.3 ஆகும், வார்ப் நேரத்தில் பலன் எதுவும் இல்லை. அதனால் மாட்யூலைப் பற்றிய விளக்கத்தை மட்டும் படித்துவிட்டு வாங்காதீர்கள். விளையாட்டுக்குள்ளேயே உள்ள ஃபிட்டிங் சிமுலேஷனிலோ, இலவசமாகக் கிடைக்கும் பைஃபா மென்பொருளிலோ போட்டு, எண் அடுத்த முழு விநாடியைத் தாண்டிக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள்.

2 விநாடிக்குள் வார்ப் ஆகும் கப்பலை, அடுத்த நட்சத்திர மண்டலத்துக்குப் போகும் வாயிலான கேட்டில் காத்திருப்பவர்கள் பிடிப்பது மிகக் கடினம். இது உண்மைதான், அதனால்தான் எல்லோரும் அந்த எண்ணைத் துரத்துகிறார்கள். ஆனால் சண்டைக்கான டெக் 1 ஃபிரிகேட்டில் அதை எட்டுவதற்குக் கீழ் வரிசை ஸ்லாட் (மாட்யூல் இடம்), ரிக் (கப்பலில் நிரந்தரமாகப் பொருத்துவது) எல்லாவற்றையும் பலி கொடுக்க வேண்டியிருக்கும். சரக்கு கடத்தவும் வேவு பார்க்கவும் அப்படிச் செய்யலாம். சண்டைக்குப் போகிறவருக்கு அது வீண் செலவு என்பது என் கருத்து.

இரண்டாவது எண்ணுக்கு வருவோம். உச்ச வேகத்தை ஏற்றுவது மைக்ரோவார்ப் டிரைவ். அது வேகத்தை 500 சதவீதம் கூட்டுவதாகக் காட்டும், ஆனால் கப்பலின் நிறையால் அந்தப் பலன் கொஞ்சம் குறையும். அதற்கு நீங்கள் கொடுக்கும் விலைகள் மூன்று. கேப்பாசிட்டரின், அதாவது கப்பலின் மின்சேமிப்பின், கொள்ளளவு குறைகிறது. ஓடிக்கொண்டிருக்கும்வரை கப்பலின் சிக்னேச்சர் ஆறு மடங்காகிறது, அதாவது 35 மீட்டர் கப்பல் எதிரியின் பீரங்கிக்கு 210 மீட்டர் கப்பலாகத் தெரிகிறது. மூன்றாவதைப் பலர் நினைவில் வைப்பதில்லை: டிரைவ் ஓடும்போது கப்பலின் நிறையில் 5 லட்சம் கிலோ கூடுகிறது. 11 லட்சம் கிலோ ஃபிரிகேட்டுக்கு இது கிட்டத்தட்ட பாதி எடை. பின்னால் இரண்டு மூட்டை கட்டிய மொபெட்டை வளைவில் திருப்புவது மாதிரி, நேரே பறக்கும், திருப்பினால் அகலமாகச் சுற்றும். வேகமான ஃபிட் போட்டும் மாட்டிக்கொள்கிறவர்களில் பலர் இந்த வளைவில்தான் மாட்டுகிறார்கள்.

இனி விஷயத்தின் மையம். உங்களை நிறுத்தக்கூடிய கருவிகள் இரண்டு. வார்ப் ஸ்க்ராம்ப்ளர் உங்கள் மைக்ரோவார்ப் டிரைவை அணைத்துவிடும், டெக் 2 ஆனால் 9 கிலோமீட்டர் எட்டும். வெப் உங்கள் வேகத்தைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ கொண்டுவரும், 10 கிலோமீட்டர் எட்டும். எதிரி இவற்றை ஓவர்ஹீட் செய்தால் (கருவி சூடாகிச் சேதமாகும் அளவுக்கு முடுக்கினால்) ஸ்க்ராம் 10.8 கிலோமீட்டர், வெப் 13 கிலோமீட்டர் வரை வரும். நீங்கள் எதிரியைப் பிடித்து வைக்கும் வார்ப் டிஸ்ரப்டர் டெக் 1 என்றால் 20 கிலோமீட்டர், டெக் 2 என்றால் 24 கிலோமீட்டர். தூரத்தில் நின்று அடிக்கும் கப்பல் வாழக்கூடிய இடம் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் இருக்கும் பட்டை மட்டும்தான். டெக் 1 டிஸ்ரப்டரில் அந்தப் பட்டை 13-இலிருந்து 20 வரை, 7 கிலோமீட்டர் அகலம். டெக் 2-வில் 11 கிலோமீட்டர்.

இதை நேரமாக மாற்றிப் பாருங்கள். எதிரி உங்களைவிட விநாடிக்கு 3,000 மீட்டர் கூடுதலாக நெருங்கினால், 7 கிலோமீட்டர் தீர இரண்டேகால் விநாடி. சர்வர் விநாடிக்கு ஒருமுறைதான் கணக்கிடுகிறது என்பதால், நீங்கள் கண்டுபிடித்து, முடிவெடுத்து, பொத்தானை அழுத்த இரண்டு வாய்ப்புதான் இருக்கிறது. 11 கிலோமீட்டர் என்றால் மூன்றரை விநாடிக்கு மேல். அதனால்தான் மலிவான ஃபிட்டில் பணத்தைக் கொட்ட வேண்டிய முதல் மாட்யூல் டெக் 2 டிஸ்ரப்டர் என்று சொல்வேன். அதற்கான திறன் இல்லையென்றால் துப்பாக்கித் திறனைத் தள்ளிப்போட்டுவிட்டு அதை முதலில் ஏற்றுங்கள். தெர்மோடைனமிக்ஸ் திறனின் முதல் நிலையையும் சேர்த்து எடுங்கள், ஓவர்ஹீட் செய்ய அது போதும். உங்கள் டிஸ்ரப்டரை ஓவர்ஹீட் செய்தால் 28.8 கிலோமீட்டர் வரை பிடிக்கலாம். சிறப்பு வெப்களும், வெப் தூரத்துக்கே போனஸ் உள்ள கப்பல்களும் இந்தக் கணக்கை உடைத்துவிடும். அவற்றைப் பற்றிக் கீழே வருகிறேன்.

இந்தப் பட்டைக்குள் வாழ்வது ஒரு வழி, கைட்டிங் என்பது அதைத்தான். மற்றது பட்டையைத் தாண்டி உள்ளே நுழைந்து, நீங்களே ஸ்க்ராமும் வெப்பும் போட்டு, முகத்துக்கு முகம் அடித்துக்கொள்வது. இரண்டுக்கும் நடுவே நிற்கிற ஃபிட்தான் புதியவர்களைக் கொல்கிறது. நீண்ட தூர ஏவுகணையோடு ஸ்க்ராம், குறுகிய தூரத் துப்பாக்கியான பிளாஸ்டரோடு டிஸ்ரப்டர், கவசத் தகடோடு நானோஃபைபர், இப்படி ஒன்றுக்கொன்று எதிரான பொருள்கள் ஒரே கப்பலில் இருந்தால் எந்தத் தூரத்திலும் அது பாதிக் கப்பல்தான். கவசத் தகடு நிறையைக் கூட்டும், ஷீல்டு எக்ஸ்டெண்டர் சிக்னேச்சரைக் கூட்டும், இனர்ஷியல் ஸ்டெபிலைசர் திருப்பத்தை எளிதாக்கிச் சிக்னேச்சரைக் கூட்டும், நானோஃபைபர் வேகம் திருப்பம் இரண்டையும் ஏற்றிக் கப்பலின் உடல் வலிமையைக் குறைக்கும். எதை விட்டுக்கொடுத்தால் உங்கள் தூரத்தில் வலிக்காது என்பதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கைட்டிங் செய்கிறவருக்கு உடல் வலிமை குறைவது பெரிய நஷ்டமில்லை, அடி அந்த அளவுக்கு வந்துவிட்டால் ஆட்டம் முடிந்த மாதிரிதான்.

சரி, நீங்கள் சொன்ன நாலு கப்பல்கள். 2012-இல் ஃபிரிகேட்டுகளை மொத்தமாகத் திருத்தியபோது கான்டார், ஏட்ரான், ஸ்லாஷர், எக்சிக்யூஷனர் நாலையும் அட்டாக் ஃபிரிகேட் என்று ஒரு வகையாக்கினார்கள். டிஸ்ரப்டர், ஸ்க்ராம் போன்றவற்றை இயக்க இவற்றுக்கு 80 சதவீதம் குறைவான கேப்பாசிட்டர் போதும். புதியவரின் திறன் நிலையில் இது பெரிய சலுகை, ஏனென்றால் மைக்ரோவார்ப் டிரைவ் ஒன்றே கேப்பாசிட்டரை உறிஞ்சிவிடும். ரிஃப்டர் இந்த வகையில் வராது. அது அடி தாங்கும் சண்டைக் கப்பல், இவற்றைவிட மெதுவானது. அதற்கு முந்தைய காலத்தில் எல்லோரும் ரிஃப்டரில்தான் தொடங்கினோம், அந்தப் பாசத்தில் இன்னும் பலர் பரிந்துரைக்கிறார்கள். நீங்கள் கேட்கும் வேலைக்கு அது பொருந்தாது. ஏட்ரான் பிளாஸ்டருக்கானது, பாய்ந்து உள்ளே போய் அடிக்க அருமையானது, ஆனால் தப்பு செய்தால் திரும்பி வர வழியில்லை. ஸ்லாஷரின் பீரங்கிகள் கேப்பாசிட்டர் கேட்காது, நியூட் என்ற கருவியைப் போட்டு உங்கள் மின்சாரத்தை எதிரி காலி செய்தாலும் சுட்டுக்கொண்டே இருக்கலாம். கான்டாரின் ஏவுகணையும் அப்படித்தான்.

இதுவரை சொன்ன எண்கள் எல்லாம் கணக்கு, அதில் கருத்துக்கு வேலையில்லை. கான்டார்தான் உங்களுக்குச் சரி என்பது என் தீர்ப்பு. ஸ்லாஷரைச் சொல்கிற நல்ல ஆட்டக்காரர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதைத் தவறென்று ஒதுக்க மாட்டேன். நான் கான்டாரைச் சொல்லக் காரணம், ஏவுகணைக்குக் குறி தவறும் பிரச்சினை இல்லை. நீங்கள் எவ்வளவு வேகமாக, எந்தக் கோணத்தில் ஓடினாலும் ஏவுகணை போய்ச் சேரும், ஆகவே உங்கள் முழுக் கவனத்தையும் தூரத்தில் வைக்கலாம். பீரங்கிக்கு அப்படியில்லை, உங்கள் ஓட்டமே உங்கள் குறியைக் கெடுக்கும். குறையும் உண்டு. வேகமான சின்னக் கப்பலை அடிக்கும்போது ஏவுகணையின் சேதம் குறைந்துவிடும், கான்டாரின் அடி ஏற்கெனவே மெல்லியது. சண்டை நீளும், எதிரி நண்பர்களைக் கூப்பிட நேரம் கிடைக்கும். அதற்குத் தயாராக இருங்கள்.

ஃபிட் இப்படி: மேலே மூன்று லைட் மிசைல் லாஞ்சர். நடுவில் மைக்ரோவார்ப் டிரைவ், டெக் 2 டிஸ்ரப்டர், பவர்கிரிட் (கப்பலின் மின்திறன் வரம்பு) இடம் கொடுத்தால் மீடியம் ஷீல்டு எக்ஸ்டெண்டர், மீதமுள்ள இடத்தில் எதிரி பீரங்கியின் குறியைக் கெடுக்கும் டிராக்கிங் டிஸ்ரப்டர். கீழே முதலில் நானோஃபைபர், இடமிருந்தால் ஏவுகணைச் சேதத்தைக் கூட்டும் மாட்யூல். ரிக்கில் வேகம். திறன் குறைவாக இருக்கும்போது சிபியு, பவர்கிரிட் இரண்டும் இடிக்கும். அப்போது பெயரில் காம்பாக்ட் என்று வரும் மாட்யூல்களைத் தேடுங்கள், அவை குறைந்த இடத்தில் உட்காரும். பல நேரங்களில் டெக் 2-வைவிட விலையும் குறைவு. ஏவுகணையில் கைனெடிக் வகைக்குத்தான் கான்டாருக்குச் சேத போனஸ், அதை அதிகமாக ஏற்றிக்கொள்ளுங்கள். திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும் விளையாட்டு இது, வாங்குவதற்கு முன் கப்பலின் ஷோ இன்ஃபோவில் போனஸ் வரிகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

மலிவு என்பதற்குக் கப்பலின் விலையை மட்டும் பார்க்கக் கூடாது. டெக் 1 கப்பலின் உடலுக்குக் காப்பீடு உண்டு. எதுவும் கட்டாமலே 40 சதவீதம் வரும், பிளாட்டினம் எடுத்தால் முழு அடிப்படை மதிப்பும் வரும், 12 வாரம் செல்லும். ஆனால் மாட்யூலுக்கும் ரிக்குக்கும் காப்பீடு கிடையாது. ஃபிரிகேட் அளவில் உடலைவிட உள்ளே போடுவதுதான் பல மடங்கு விலை. ரிக்கைக் கழற்றினால் உடைந்துவிடும், ஆகவே டெக் 1 ரிக் போதும். அப்புறம், பாடில் (கப்பல் வெடித்தபின் நீங்கள் மிஞ்சும் சிறு கூடு) இருக்கும் உங்கள் தலையில் பொருத்திய இம்ப்ளான்ட்டுகளையும் கணக்கில் சேருங்கள். கப்பல் மலிவாக இருந்து தலைக்குள் விலை உயர்ந்த இம்ப்ளான்ட் இருந்தால் அது மலிவான ஃபிட்டே அல்ல. இந்த மொத்தத் தொகையைப் பத்தால் பெருக்குங்கள். பத்துக் கப்பல்களையும் இழந்தாலும் உங்கள் கையிருப்பு தாங்குமென்றால் அது உங்கள் ஃபிட். விளையாட்டின் பெரிய சந்தையான ஜிட்டா 4-4-இல் ஒரே ஃபிட்டைச் சேமித்து, மொத்தமாக வாங்கும் மல்டிபையில் ஐந்து செட் வாங்கி, நீங்கள் ஆடும் இடத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனில் அடுக்கி வையுங்கள். போனதும் அடுத்ததில் ஏற முடியவில்லையென்றால் கற்றுக்கொள்வது நின்றுவிடும்.

ஓட்டுவதில் இரண்டு விஷயம். எதிரியை நோக்கி அப்ரோச் பொத்தானை அழுத்தாதீர்கள். நேர்கோட்டில் போகும் கப்பலின் கோண வேகம் பூச்சியம், மைக்ரோவார்ப் டிரைவால் சிக்னேச்சரும் ஆறு மடங்கு, போர்க்கப்பலின் பெரிய பீரங்கிகூட ஒரே சுற்றில் உங்களை முடித்துவிடும். வெற்று விண்வெளியில் இரட்டைக் கிளிக் செய்து, எதிரிக்குப் பக்கவாட்டில் சுருளாக நெருங்குங்கள். இரண்டாவது, தூரத்தில் நிற்கும்போது 20 கிலோமீட்டரில் ஆர்பிட் (எதிரியைத் தானாகச் சுற்றும் கட்டளை) போட்டுவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். ஆர்பிட்டில் உங்கள் பாதையை எதிரி முன்கூட்டியே கணிக்க முடியும். அவர் முதலில் உங்களைவிட்டு விலகி ஓடுவார், நீங்கள் டிஸ்ரப்டர் விட்டுவிடக் கூடாதென்று பின்னால் ஓடுவீர்கள். திடீரென்று திரும்பி, டிரைவை ஓவர்ஹீட் செய்து உங்கள் மேலேயே வருவார். கூடுதல் 5 லட்சம் கிலோவோடு நீங்கள் திரும்புவதற்குள் 10 கிலோமீட்டருக்குள் இருப்பார். இதற்கு ஸ்லிங்ஷாட் என்று பெயர். தப்பிக்க ஒரே வழி, அவர் விலகி ஓடும்போது நேர் பின்னால் போகாமல் கொஞ்சம் சாய்வாகத் தொடர்வது, ஓவர்வியூவில் (சுற்றியுள்ளவற்றின் பட்டியல்) அவர் வேகத்தின் எண் சட்டென்று குறைந்து மீண்டும் ஏறுகிறதா என்று பார்ப்பது. குறைந்தால் அவர் திரும்புகிறார். தூரம் 15-க்கு வந்தால் யோசிக்காமல் எதிர்த் திசையில் ஓவர்ஹீட் செய்து ஓடுங்கள். அவர் தப்பித்தால் தப்பிக்கட்டும்.

யாரிடம் போகக் கூடாது என்பதும் ஃபிட்டின் பகுதிதான். டிரிஸ்டன் ஐந்து லைட் டிரோன்களை விட்டால், உங்களைத் துரத்தும் வேலையை அவை பார்த்துக்கொள்ளும், உங்கள் தூரம் அர்த்தமிழந்துவிடும். டெஸ்ட்ராயர்கள் ஃபிரிகேட்டைக் கொல்லவே கட்டப்பட்டவை. ரேபிட் லைட் லாஞ்சர் போட்ட கராக்கல், வெப் தூரத்துக்கு போனஸ் உள்ள ஹைனா, உங்களைவிடத் தொலைவிலிருந்தே பிடிக்கும் கார்மர், இவை டி-ஸ்கேனில் (சுற்றியுள்ள கப்பல்களைத் தேடும் கருவி) தெரிந்தாலே அந்த இடத்தை விட்டு நகருங்கள். டி-ஸ்கேன் 14.3 ஏயூ (ஒரு ஏயூ என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்) வரை பார்க்கும், இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை அழுத்தும் பழக்கம் கைக்கு வரவேண்டும்.

லோ-செக்கில் கேட், ஸ்டேஷன் பக்கத்தில், குற்ற முத்திரை இல்லாத ஒருவரை நீங்கள் முதலில் தாக்கினால் அங்கிருக்கும் காவல் பீரங்கிகள் உங்களைச் சுடும், ஃபிரிகேட் அதைத் தாங்காது. ஆகவே சண்டையை ஆஸ்டிராய்டு பெல்ட்டிலோ ஃபாக்ஷன் வார்ஃபேர் (விளையாட்டின் பேரரசுகளுக்கு இடையிலான போர்) காம்ப்ளெக்ஸிலோ வைத்துக்கொள்ளுங்கள். காம்ப்ளெக்ஸின் நுழைவாயில் கப்பலின் அளவைக் கட்டுப்படுத்தும் என்பதால் உள்ளே யார் வரமுடியும் என்பது முன்னமே தெரியும். ஆனால் உள்ளே வருகிறவர் உங்களுக்குப் பக்கத்தில்தான் இறங்குவார். கைட்டிங் செய்கிறவர் இறங்கும் இடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நின்று காத்திருக்க வேண்டும். கப்பல் வெடிக்கப்போகிறது என்று தெரிந்ததும் ஏதாவது ஒரு கோளைத் தேர்ந்தெடுத்து வார்ப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருங்கள். லோ-செக்கில் வார்ப்பைத் தடுக்கும் பபிள் கிடையாது, பாட் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் நம் ஊரிலிருந்து ஆடுகிறவர்கள் எல்லோரும் கேட்பது. சர்வர் லண்டனில் இருக்கிறது, இங்கிருந்து பிங் அதிகமாக இருக்குமே, வேகமான கப்பல் ஓட்ட முடியுமா? முடியும். விநாடிக்கு ஒருமுறை கணக்கிடும் சர்வரில் 150, 200 மில்லி விநாடி தாமதம் துப்பாக்கிச் சுடும் விளையாட்டுகளில் கொல்வதுபோல் கொல்லாது. தினமும் நம் நேரம் மாலை 4.30-க்குச் சர்வர் பராமரிப்புக்காக நிற்கும். ஐரோப்பியர்கள் வேலை முடித்து வரும் மாலை நேரம் நமக்கு இரவு பதினொன்றுக்கு மேல் ஆகிவிடும், அப்போதுதான் லோ-செக்கில் கூட்டமும் குழுக்களும் அதிகம். நம் மாலை ஐந்து, ஆறு மணிக்குப் போனால் தனியாகச் சுற்றுகிறவர்கள் கிடைப்பார்கள். முதல் ஐந்து கான்டாரை அந்த நேரத்தில் செலவு செய்யுங்கள்.